பழைய சர்வர்களின் அமைவு வட்டும் சோதனை வட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிசியஸின் போர்ட் லூயி வணிக நிறுவனங்களிலும், ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கத்துச் சங்க அலுவலகங்களிலும், 1990களின் பிற்பகுதியில் வாங்கிய சர்வர்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய சம்பளப் பதிவேடு, புதிய கணினிக்கு மாற்ற முடியாத ஒரு கணக்கு நிரல், கோவில் சங்கத்தின் பல ஆண்டு நன்கொடைப் பட்டியல் என்று ஏதோ ஒரு காரணம் அவற்றை அணைக்க விடாமல் வைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ, அவை வாங்கப்பட்ட காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அதிகம் கையாண்டது காம்பேக் ப்ரோலயன்ட் வகை சர்வர்கள் என்பதால், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவை. 2002இல் காம்பேக், எச்.பி. நிறுவனத்தோடு இணைந்துவிட்டதால், அதே இயந்திரத்தின் வட்டுகளில் இரண்டு பெயர்களையும் காணலாம்.

அமைவு வட்டு, சோதனை வட்டு இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டும் ஃபிளாப்பியில் வருபவை, ஆனால் வேலை வேறு. அமைவு வட்டு, சர்வருக்குள் என்னென்ன அட்டைகள் இருக்கின்றன, எது எந்தக் குறுக்கீட்டு எண்ணைப் (செயலியின் கவனத்தைக் கேட்கும் தடத்தின் எண்) பயன்படுத்த வேண்டும், வன்தட்டுகளை இயக்கும் எந்தக் கட்டுப்பாட்டு அட்டையிலிருந்து தொடங்க வேண்டும், எந்த இயங்குதளம் ஓடப்போகிறது என்பவற்றை எழுதிவைக்கும். சோதனை வட்டு எதையும் அமைக்காது. நினைவகம், செயலி, வன்தட்டு, டேப் டிரைவ் முதலியவற்றை இயக்கிப் பார்த்து, பழுது இருந்தால் ஓர் எண்ணைச் சொல்லும். அமைவு தவறாக இருக்கும்போது ஓட்டப்படும் சோதனை, நன்றாக இருக்கும் உறுப்பையும் பழுது என்று காட்டிவிடக்கூடும். ஆகவே முதலில் அமைவைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு சோதனைக்குப் போவதே முறை. இந்த வரிசையை மாற்றியதால் நல்ல நெட்வொர்க் அட்டைகள் குப்பைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக் கணினியில் ஒரு விசையை அழுத்தினால் அமைவுத் திரை வருகிறதே; இதற்கு மட்டும் ஏன் வட்டு?

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1987இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்.2 வரிசையில் மைக்ரோ சேனல் என்ற புதிய இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் போட்டியாக, காம்பேக்கை உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988இல் ஐசா (EISA) என்ற முறையை அறிவித்தன. இரண்டிலும், அட்டைகளில் ஜம்பர் என்ற சின்னஞ்சிறு இணைப்பு மூடிகளை மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஒவ்வோர் அட்டையோடும் வரும் விவரக் கோப்பை ஒரு நிரல் படித்து, முடிவுகளை மின்கலத்தின் துணையோடு நிற்கும் ஒரு நினைவகத்தில் எழுதும் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த நிரலும் விவரக் கோப்புகளும் கணினியைத் தொடக்கிவைக்கும் அக்காலத்து பயாஸ் சில்லுக்குள் அடங்காத அளவில் இருந்ததால் ஃபிளாப்பியில் வந்தன.

பிறகு காம்பேக் அந்த நிரல்களை வன்தட்டிலேயே ஒரு சிறு பகுதியை ஒதுக்கி அங்கே வைக்கத் தொடங்கியது. சர்வர் தொடங்கும்போது, மின்னிக்கொண்டிருக்கும் சுட்டுக்கோடு திரையின் வலது மேல் மூலைக்குத் தாவும். அங்கே அது நிற்கும் ஓரிரு நொடிக்குள் எஃப்10 விசையை அழுத்தினால் அந்தப் பகுதி திறக்கும். திரையில் வேறெந்த அறிவிப்பும் வராமல் போகலாம் என்பதால், பலர் ஆண்டுக்கணக்கில் அந்த மூலையைக் கவனித்ததே இல்லை.

விண்டோஸை மறுபடி நிறுவியபோது அந்தச் சிறு பகுதியை அழித்துவிட்டேன். திரும்பக் கொண்டுவர முடியுமா?

எளிதில் முடியாது. அது வன்தட்டில் மற்றப் பகுதிகளுக்கு முன்பாக உருவாக்கப்பட வேண்டியது. எனவே தரவு நிரம்பிய வன்தட்டில் அதற்காக மெனக்கெடாமல் ஃபிளாப்பியையே நம்புங்கள்; வேலை ஒன்றுதான். இன்னும் அழிக்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விண்டோஸின் வட்டு மேலாண்மைத் திரையில் அது ஐசா அமைவு என்ற பெயரோடு, டிரைவ் எழுத்து ஏதும் ஒதுக்கப்படாமல், யாருக்கும் பயன்படாததுபோல் உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று அதில் கைவைக்காதீர்கள்.

அசல் வட்டுகள் தொலைந்துவிட்டன. எப்படி உருவாக்குவது?

ப்ரோலயன்ட் சர்வர்களுக்கான வட்டுகள் சாஃப்ட்பேக் என்ற பெயரில், எண்ணிட்ட கோப்புகளாக வெளியிடப்பட்டன. அந்தக் கோப்பை ஒரு கணினியில் ஓட்டினால், வெற்று ஃபிளாப்பியைப் போடச் சொல்லிக் கேட்டு, ஒன்றன்பின் ஒன்றாக எழுதித்தரும். இதில் மூன்று இடங்களில் சிக்கல் வரும்.

முதலாவது, இந்தக் கோப்புகளில் பல 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸில் அவை ஓடவே ஓடா. ஆகவே 32 பிட் விண்டோஸ் உள்ள ஒரு பழைய மடிக்கணினியையோ மேசைக் கணினியையோ இந்த ஒரு வேலைக்காகவே ஒதுக்கிவைப்பது நல்லது.

இரண்டாவது, யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ். கட்டுப்பாட்டுச் சில்லோடு நேரடியாகப் பேசும் பழைய எழுதும் நிரல்கள் சில அதைக் கண்டுகொள்வதில்லை. பட்டை கேபிளில் தொங்கும் உள் டிரைவ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வட்டுப் படிமமாக, அதாவது வட்டு முழுவதையும் அப்படியே கொண்ட ஒற்றைக் கோப்பாகக் கிடைத்தது என்றால், அதன் அளவைப் பாருங்கள்: இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட் என்ற கணக்கில் அது மிகச் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதுதான் நம் தீவுக்கே உரியது. கியூர்பிப் போன்ற மேட்டு நிலத்தின் ஈரத்தில் பத்து, இருபது ஆண்டுகள் கிடந்த ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருக்கும். வட்டைத் திருப்பி, நடுவிலுள்ள உலோகத் தகட்டை விரலால் சுற்றிக்கொண்டே, இரும்பு மூடியை ஒதுக்கி, மேசை விளக்கின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டிய பரப்பில் சாம்பல் நிறப் புள்ளிகளோ வட்டக் கீறல்களோ தெரிந்தால் அதை எந்த டிரைவிலும் நுழைக்கக் கூடாது. அந்தப் பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து நுழைக்கும் நல்ல வட்டையும் அது சுரண்டிவிடும். ஒரு கெட்ட வட்டால் நான்கு நல்ல வட்டுகளை ஒரே பிற்பகலில் இழந்த பிறகுதான் இந்தப் பாடம் எனக்குப் புரிந்தது.

எழுதி முடித்த வட்டைக் கட்டாயம் அந்தச் சர்வரின் டிரைவிலேயே தொடக்கிப் பாருங்கள். இரண்டு டிரைவ்களின் தலைகள் மயிரிழை அளவு விலகியிருந்தாலும், எழுதிய இடத்தில் படிக்கும் வட்டு மற்றதில் படிக்காது.

எழுதுவதைத் தடுக்கும் சிறு பொத்தானைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

துளை திறந்திருந்தால் எழுத முடியாது. மூலப் பிரதிக்கு அப்படித் திறந்து வையுங்கள். வேலைக்குப் பயன்படுத்தும் அமைவு வட்டின் பிரதிக்கு மூடி வையுங்கள். ஏனென்றால் அமைவு நிரல், நீங்கள் முடித்த அமைவை அதே வட்டில் ஒரு கோப்பாகச் சேமிக்க விரும்பும். அந்தக் கோப்பு இருந்தால், பின்னொரு நாள் எல்லாம் அழிந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

புயல் எச்சரிக்கைக்காக சர்வரை அணைத்தோம். திரும்பப் போட்டபோது 162 என்று காட்டி நிற்கிறது. வன்தட்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

அமைவு விவரங்களையும் கடிகாரத்தையும் காப்பாற்றும் சிறு மின்கலம், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை வேலை செய்யத் தேவையில்லை. மின்வழங்கியே அந்த நினைவகத்துக்கும் ஊட்டம் தருகிறது. ஆகவே ஆறேழு ஆண்டுகள் அணைக்காமல் ஓடிய சர்வரில் மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தால் அலுவலகத்தை மூட வேண்டும் என்பதால், இரண்டாம் நிலையிலேயே சர்வரை அணைத்து, சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அது செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு நாளில் நினைவகம் வெறுமையாகிவிடுகிறது. திரும்பப் போட்டால் 162, அதாவது அமைவு விவரம் இல்லை. கூடவே 163, அதாவது தேதியும் நேரமும் இல்லை. புயல் கெடுத்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். புயல் வெறுமனே காட்டிக்கொடுத்திருக்கிறது.

2024 ஜனவரி 15இல் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அந்த வாரத்தில் ஒரு சங்க அலுவலகத்தின் சர்வர் மேல்மாடியில் துளி நீர் படாமல் இருந்தது, ஆனால் தொடங்கவில்லை. ஜனவரி 25இல் தைப்பூசக் காவடி. காவடி எடுப்போரின் பெயர்ப் பட்டியலும் நன்கொடைக் கணக்கும் அந்த ஒரே இயந்திரத்தில். அலமாரியில் இருந்த அமைவு வட்டை எடுத்தபோது உறையிலேயே சாம்பல் பூத்திருந்தது. என் பிரதியோ என் டிரைவில் மட்டும்தான் படித்தது. கடைசியில் என் கணினியின் டிரைவையே கழற்றிக்கொண்டு போய், மூடி திறந்த சர்வருக்குப் பக்கத்தில் ஒரு தடித்த தொலைபேசிப் புத்தகத்தின் மேல் வைத்து, அதன் கேபிளில் மாட்டித்தான் தொடக்கினேன். வட்டு படிக்கும் அந்தக் கரகர ஒலி கேட்டதும், அருகே நின்ற செயலாளர் ஐயா திருநீற்றை எடுத்து சர்வரின் நெற்றியில் பூசிவிட்டார். நான் தடுக்கவில்லை.

செய்ய வேண்டிய வேலை இதுதான். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து மின்கலத்தை மாற்றுங்கள். பல சர்வர்களில் சி.ஆர்.2032 வகை நாணய மின்கலம் இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதை அதன் பெயரே சொல்கிறது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே இறங்கியதை மறுபடி மாட்டுவதில் பொருளில்லை. இன்னும் பழைய சில தாய்ப்பலகைகளில் மின்கலம் கடிகாரச் சில்லுக்குள்ளேயே பிசினில் புதைந்திருக்கும். அங்கே சில்லையே மாற்ற வேண்டும்.

அடுத்து அமைவு வட்டில் தொடங்கி, அட்டைகளை அது தானாகக் கண்டுபிடிக்க விடுங்கள். இயங்குதளம் எது என்று கேட்கும்போது கவனமாக இருங்கள். அந்தத் தேர்வைப் பொறுத்தே செயலிகளுக்கான குறுக்கீட்டு முறை அமைகிறது. இரண்டு செயலிகளோடு விண்டோஸ் என்.டி. ஓடிய சர்வரில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரையில் நின்றுவிடலாம். பிறகு, எந்தக் கட்டுப்பாட்டு அட்டை முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையைப் பாருங்கள். கடைசியாகத் தேதி. இதை விட்டுவிட்டால், சர்வர் ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றி, ரசீதுகளில் எல்லாம் பழைய ஆண்டை அச்சிடும்.

அமைவு அழிந்தால் ரெய்டு தொகுப்பும் அழிந்துவிடுமா?

பல வன்தட்டுகளைச் சேர்த்து ஒன்றுபோல் இயக்குவதுதான் ரெய்டு தொகுப்பு. அதை நிர்வகிக்கும் காம்பேக் ஸ்மார்ட் அரே அட்டைகளில் தொகுப்பின் விவரம் வன்தட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மின்கலம் சாவதால் அது போகாது. ஆகவே புதிய தொகுப்பை உருவாக்கட்டுமா என்று எந்த நிரல் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1785 என்ற எண், அதாவது தொகுப்பு அமைக்கப்படவில்லை என்ற செய்தி வந்தாலும், முதலில் அணைத்து, கேபிள்களையும் வன்தட்டுகளையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வேறெதையும் யோசிக்க வேண்டும். 1794 வந்தால், அட்டையின் இடைநினைவக மின்கலம் சார்ஜ் இறங்கியிருக்கிறது. சில மணி நேரம் ஓடவிட்டால் தேறக்கூடும். வன்தட்டுகளை வெளியே எடுக்க நேர்ந்தால், எடுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டுங்கள். வரிசை நினைவிருக்கும் என்று நம்பி எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஸ்மார்ட்ஸ்டார்ட் சி.டி. கையில் இருக்கிறது. அதையே போடலாமா?

போடலாம், ஆனால் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். அந்த சி.டி.யின் முதன்மை வேலை, புதிய சர்வரில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து நிறுவுவது. அதில் சிஸ்டம் எரேஸ் என்ற ஒரு நிரல் இருக்கிறது. அது அமைவு நினைவகத்தோடு நிற்காமல், வன்தட்டுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். அமைவு குழம்பிவிட்டது, ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு அதைத் தொடுவது, வீடு பெருக்கப் போய் வீட்டையே இடித்ததாகிவிடும். பிரதி எடுப்பவர்கள் மறுமுறை எழுதும் வகை வட்டைத் தவிர்த்து, ஒருமுறை எழுதும் சி.டி.யில் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். அக்காலத்து டிரைவ்கள் மற்றதைப் படிக்கத் தடுமாறும்.

தட்டச்சு செய்தால் வேறு எழுத்து வருகிறது. விசைப்பலகை பழுதா?

பழுது இல்லை. அண்டைத் தீவான ரீயூனியனிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்த விசைப்பலகையாக இருக்கும். ஃபிளாப்பியில் உள்ள நிரல்கள் அமெரிக்க வரிசையை மட்டுமே அறியும். ஆகவே பிரெஞ்சு விசைப்பலகையில் ‘ஏ’ என்று எழுதிய விசை ‘கியூ’ தரும். ‘இசட்’ விசை ‘டபிள்யூ’ தரும். டிரைவின் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய முக்காற்புள்ளிக்கு, ஷிஃப்டோடு ‘எம்’ விசையை அழுத்துங்கள். பின்சாய்கோட்டுக்கு, என்டருக்குப் பக்கத்திலுள்ள நட்சத்திரக் குறி விசை. எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுகிற அளவு சிறிய பட்டியல்தான். ஆனால் இது தெரியாமல் கடவுச்சொல்லைத் தவறாக அமைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சோதனை வட்டை ஓட்டினால் தரவு அழியுமா?

விரைவுச் சோதனையில் அழியாது. முழுச் சோதனையில், எழுதிப் பார்க்கும் பகுதிகள் உண்டு. டேப் டிரைவ் சோதனை, உள்ளே இருக்கும் டேப்பின்மீது எழுதும்; நேற்றைய காப்பு டேப் அங்கே இருந்தால் அது போயிற்று. ஃபிளாப்பி டிரைவ் சோதனையும் அப்படியே. வெற்று வட்டைப் போடு என்று திரை சொன்னபோது, கைக்கு அகப்பட்ட அமைவு வட்டைப் போட்டு, அதையே பலி கொடுத்த கதை ஒன்றுக்கு மேல் எனக்குத் தெரியும்.

நினைவகத்தைச் சோதிக்க அவசரப்படாதீர்கள். சர்வர் நினைவகம் ஒற்றைப் பிட் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். ஆகவே ஒரு சுற்றில் எல்லாம் சரி என்று வருவதை நம்பாமல், திருத்தப்பட்ட பிழைகளின் பதிவையும் சேர்த்துப் படியுங்கள். குறிப்பிட்ட ஒரு நினைவகப் பலகையின் பெயர் அங்கே மீண்டும் மீண்டும் வந்தால், அதை இடம் மாற்றி, இரவு முழுக்கச் சுற்றவிடுங்கள். பிழை பலகையோடு சேர்ந்து நகர்ந்தால் பலகை பழுது. பழைய இடத்திலேயே நின்றால் செருகிடம் பழுது, அல்லது அழுக்கு. உப்புக் காற்றடிக்கும் கடலோர அலுவலகங்களில் பாதிக்கு மேல் அழுக்காகத்தான் இருந்திருக்கிறது. பென்சில் அழிப்பானால் பொன்னிறத் தொடுமுனைகளை மெல்லத் தேய்த்துச் செருகினாலே போதுமானதாக இருந்தது.

வேறு எண்களும் வருகின்றனவே?

201 நினைவகப் பிழை. 301 விசைப்பலகை, பெரும்பாலும் செருகி தளர்ந்திருக்கும், அல்லது யாரோ விசைகள்மேல் கோப்பை வைத்திருப்பார்கள். 601 ஃபிளாப்பி கட்டுப்பாட்டுப் பிழை. 602 வந்தால் பயப்பட வேண்டாம். தொடங்க முடியாத ஏதோ ஒரு வட்டு டிரைவில் மறந்து விடப்பட்டிருக்கிறது.

யூ.எஸ்.பி. பென் டிரைவில் இவற்றை வைத்துத் தொடக்கலாமா?

இந்த வயது சர்வர்கள் அதிலிருந்து தொடங்கா. ஆனால் ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் மாட்டி, பென் டிரைவிலுள்ள படிமங்களை ஃபிளாப்பிபோலக் காட்டும் கோடெக் வகைக் கருவிகள் கிடைக்கின்றன. 34 முனை கேபிள் உள்ள சர்வரில் அவை நன்றாகவே ஒத்துழைக்கின்றன. மெல்லிய டிரைவ் பொருத்திய சர்வர்களில் இணைப்பி வேறாக இருக்கும் என்பதால், வாங்கும் முன் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஐ.பி.எம்.; இதெல்லாம் பொருந்துமா?

மின்கலக் கதை அப்படியே பொருந்தும். மைக்ரோ சேனல் இயந்திரங்களுக்கு ரெஃபரன்ஸ் வட்டு என்று பெயர்; மாதிரிக்கு ஏற்ப அது மாறும். ஒவ்வோர் அட்டையின் விவரக் கோப்பும் அந்த வட்டில் நகலெடுக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அட்டை கண்ணுக்கு முன்னால் இருந்தும் இயந்திரம் அதை ஏற்காது.

வட்டுகளை எங்கே வைப்பது? எப்போது சரிபார்ப்பது?

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, ஒலிபெருக்கிக்கும் மின்மாற்றிக்கும் தள்ளி வையுங்கள். ஒரு பிரதி சர்வர் அறையில், ஒரு பிரதி வேறொரு கட்டடத்தில். புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே வரை நீள்கிறது. அதனால் நான் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குகிறேன். முதல் நாள் இரவே காப்புப் பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்த்துவிடுவேன். ஆண்டுக்கணக்கில் சுழன்ற வன்தட்டு நின்று குளிர்ந்தபின் மறுபடி சுழலாமல் போவதும் உண்டு. காலையில் சர்வரை முறைப்படி அணைத்து, செருகியைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, மறுபடி போடுகிறேன். 163 வந்தால் அன்றைக்கே கடைக்குப் போய் மின்கலம் வாங்கிவிடலாம், கடைகள் திறந்திருக்கும்.